ஜூன் மாதத்துக்குப் பெயரில்லை

இவாலோ ஊர் மருந்துக்கடையில்
கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று
பதினாறு வருஷமாகிறது.

டிசம்பர் முதல் வாரம் சூரியன் போய்விடும்.
ஜனவரி பத்து வாக்கில்
தெற்குக் குன்றின் விளிம்பில்
நகக்கீறலாகத் திரும்பி வரும்.
இடைப்பட்ட இருட்டுக்கு
எங்களிடம் ஒரு பெயர் உண்டு, காமோஸ்.
பெயர் இருப்பதால் அதற்கு நாற்காலி போடுகிறோம்,
காப்பி ஊற்றித் தருகிறோம்.

ஐலா கதவைத் திறக்கும்போதே கத்துவாள்:
"காமோஸ் பிடித்துவிட்டது எனக்கு,
படுக்கையை விட்டு எழ முடியவில்லை!"
வரிசையில் நிற்கும் நாலு பேரும் சிரிப்பார்கள்.
ஒருவர் தன் வெளிச்ச விளக்கின் விலை சொல்வார்,
இன்னொருவர் வைட்டமின் கணக்கு.
டிசம்பரில் "அழுதேன்" என்று சொல்ல
யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.
வழுக்கி விழுந்து கால் பிசகியதைப் போலத்தான்
சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

தலைமையாசிரியர் ஒஸ்மோவுக்கு வந்தது வேறு.
வேலையில் எரிந்துபோனார் என்றார்கள்.
அதற்கும் இங்கே மரியாதைதான்.
எரிய வேண்டுமென்றால்
முதலில் நல்ல விறகாக இருந்திருக்க வேண்டுமல்லவா?
மூன்று மாத விடுப்பு, நகராட்சியிலிருந்து பூங்கொத்து,
மீன்கடையில் ஒரே பேச்சு:
"மனிதர் எவ்வளவு உழைத்தார், பாவம்."

வெண்லா, பிள்ளை பெற்ற ஆறாவது வாரம் வந்தாள்.
"என் தோழி ஒருத்திக்கு..." என்று ஆரம்பித்தாள்.
அந்தத் தோழியின் சட்டை
பாலில் நனைந்திருந்தது.

பிறகு ஜூன்.
சூரியன் இறங்குவதே இல்லை.
நள்ளிரவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்,
யாரோ படகுக்குத் தார் பூசுகிறார்கள்,
குயில் கூவி ஓயமாட்டேன் என்கிறது.
இத்தனை வெளிச்சத்தில் ஒருவன்
சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தால்
அதற்கு எங்கள் ஊரில் சொல் இல்லை.
இல்லை, ஒன்று இருக்கிறது: சோம்பேறி.

தைஸ்தோ பனிமான் மேய்ப்பவன்.
கடை மூடப் பத்து நிமிடம் இருக்கையில் வருவான்.
கொசு மருந்து அடுக்கின் முன் நின்று
ஒவ்வொரு புட்டியின் முதுகையும் படிப்பான்.
கடைசி ஆள் வெளியேறியதும்
அடையாள அட்டையைக் கவிழ்த்து வைப்பான்,
பெயர் தெரியக்கூடாதாம்.
ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சு அவன்.

மாத்திரையைக் கொசு மருந்தோடு
ஒரே பையில் போட்டுக் கொடுப்பேன்.
அவன் வீட்டில் இந்நேரம்
ஒன்பது புட்டியாவது சேர்ந்திருக்கும்.
டிசம்பரில் ஐலா வாங்கிப் போவதும் இதேதான்.
அதே வெள்ளை, நடுவில் அதே கோடு.

இதைச் சொல்கிறவளின் யோக்கியதை என்ன
என்று கேட்கலாம்.
மூன்று மாதத்துக்கொரு முறை
நூற்றறுபது கிலோமீட்டர் ஓட்டிச்
சொதங்கிலா போகிறேன்.
வீட்டில் டயர் என்பேன், திரைத்துணி என்பேன்.
என் கடையிலேயே இருக்கிறது அது,
மூன்றாம் தட்டு, இடது ஓரம்,
கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், மற்றவர்களுக்கு.

போன வாரம் அங்கே ஒரு சின்னப் பெண்
என் அட்டையை நிமிர்த்தி வைத்துப் படித்தாள்.
நான்தான் கவிழ்த்து வைத்திருக்கிறேன்,
அதுவரை எனக்கே தெரியாது.
"இவாலோவில் இருப்பு இல்லையா?" என்றாள்.
"இல்லை" என்றேன்.
கேட்காமலே
ஒரு கொசு மருந்தும் எடுத்து வைத்தேன்.

திரும்பும் வழியில் ஒரு பனிமான்
நடுச்சாலையில் நின்றுகொண்டு நகர மறுத்தது.
எஞ்சினை அணைத்தேன். இரவு பதினொன்றரை.
காருக்குள் முழு வெயில்.
புட்டியைத் திருப்பி முதுகைப் படித்தேன்:
கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

நாளை தைஸ்தோ வரும் நாள்.
பையில் மாத்திரையை மட்டும் போட்டுக் கொடுக்கலாமா
என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
அல்லது பையே இல்லாமல்.